எனக்கு வர வேண்டிய கேள்வி

பஞ்சை எடுத்துவிடாதீர்கள் தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். புது ஆள் என்று பார்த்தாலே தெரிகிறது. பழைய ஆள் என்றால் ரத்தம் கொடுத்த கையோடு பஞ்சைக் குப்பையில் வீசிவிட்டு டிபன் சாப்பிட ஓடியிருப்பான். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தும் குண்டு பாய்ந்த போலீஸ்காரர் மாதிரி முழங்கையை மடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இட்லிதானே சாப்பிட்டீர்கள்? ரெண்டா? சட்னி இல்லாமலா? ஐயோ பாவம். எல்லாரும் முதல் நாள் அப்படித்தான். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ஊசி. அதுவரைக்கும் இந்த நாற்காலிதான் கதி. சாப்பாட்டுக்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று எல்லா டாக்டரும் கேட்பார்கள். நடுவில் இருக்கிற ரெண்டு மணி நேரம் மனுஷன் என்ன செய்வான் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் பேசுவேன். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பேசுவேன். போன தடவை ஒரு அம்மா எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மின்விசிறிக்காகத்தான் போயிருப்பார்கள்.

என் பெயர் வைரக்கண்ணு. பத்திர எழுத்தர். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் தகரக் கொட்டகை, நாலாவது மேசை. என் பேச்சு கொஞ்சம் பத்திரம் மாதிரி இருக்கும், தப்பாக நினைக்காதீர்கள். வீட்டிலும் அப்படித்தான். "மேற்படி சட்னியை இப்படித் தள்ளு" என்பேன். கல்யாணமான புதிதில் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது தள்ளிவிடுவதோடு சரி.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். ஆனால் என்னைச் சாதாரண சர்க்கரைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சுவரைப் பாருங்கள். டாக்டர் சற்குணத்துக்குப் பக்கத்தில் சால்வையோடு ஒரு ஆள் நிற்கிறாரே, யார் என்று தெரிகிறதா? நான்தான். இளைத்துவிட்டேன், அதுதான் உங்களுக்குப் பிடிபடவில்லை. சர்க்கரை நோய் தினத்தன்று 'முன்மாதிரி நோயாளி' என்று மேடையில் ஏற்றினார்கள். சால்வை, ஒரு எவர்சில்வர் தம்ளர், அப்புறம் வேடிக்கைக்கு ஒரு லட்டையும் நீட்டினார்கள். சோதனையாம். நான் வாங்கவில்லை. கூட்டம் கைதட்டியது. அந்த லட்டை டாக்டரே சாப்பிட்டார்.

மற்றவர்கள் பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற ஜாதி. டெஸ்ட் என்றால் மூன்று நாள் பட்டினி கிடந்து, ஊரைச் சுற்றி நடந்து, நம்பரை இறக்கிக்கொண்டு வருவார்கள். மூன்று மாத சராசரி பார்க்கிற டெஸ்டில் மாட்டிக்கொள்வார்கள். நான் தினம் படிக்கிறவன். கல்யாண வீட்டுக்குப் போகுமுன் வீட்டில் கேழ்வரகு ரொட்டி தின்றுவிட்டுப் போவேன். பந்தியில் உட்கார மாட்டேன், வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கு வணக்கம் சொல்வேன். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீட்டார் என்றும், பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டார் என்றும் நினைத்துக்கொள்வார்கள். லீவே விடாத பள்ளிக்கூடம் தம்பி இது. முதல் மார்க் வாங்கினாலும் வீட்டுக்கு விட மாட்டார்கள்.

அதெல்லாம் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. எனக்கு இருக்கிற ஒரே வழக்கு கமருதீன் பாய் மேல்தான். ஸ்டாம்ப் வெண்டர், முத்திரைத்தாள் விற்கிறவர். என் மேசைக்குப் பக்கத்து மேசை. நல்ல மனுஷர், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வர வேண்டிய ஒரு கேள்வி அவருக்குப் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

என்ன கேள்வி என்று சொல்கிறேன். முதலில் அழுகையைச் சொல்ல வேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு கிரயம். கீரனூர் பக்கம் ஐந்து சென்ட் மனை. வாங்குகிறவர் துபாயில் இருந்து வந்தவர், பெண்டாட்டி, மாமியார் சகிதம் நிற்கிறார். விற்கிறவர் இனிப்புப் பெட்டியோடு நிற்கிறார். கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தை ரெண்டு தரப்புக்கும் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து நீட்டிவிடுகிறார்கள். நான் வாசிப்பேன், ராகம் போட்டு வாசிப்பேன். அன்றைக்கும் சர்வே நம்பர் வாசித்தேன், நாலு பக்க எல்லை வாசித்தேன், ஒரு தடங்கல் இல்லை. "இனிமேல் தாங்கள் மேற்படி சொத்தைச் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது" என்ற இடம் வந்தது. 'அனுபவித்து' வரைக்கும் வந்தேன். 'கொள்ள' வரவில்லை. அழுகை வந்துவிட்டது.

சும்மா கண் கலங்குவது இல்லை தம்பி. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, பத்திரத்தில் சொட்டி மை கலைகிற அழுகை. எனக்கே புரியவில்லை. அந்த மனை எனக்குச் சொந்தமா? விற்கிறவர் எனக்கு உறவா? ஐந்து சென்ட் கருவேலங்காடு!

பத்திர எழுத்தர் அழுதால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? வாங்க வந்தவரின் மாமியார் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எழுதுறவரே அழுவுறாரு. இந்த மனையில என்னமோ வில்லங்கம் இருக்கு. எந்திரிங்க மாப்ளே" என்றார். நான் கையை ஆட்டி "இல்லையம்மா, சுத்தமான சொத்து" என்று சொல்ல வருகிறேன், அழுகையில் அது "இல்லையம்மா... இல்லையம்மா..." என்று மட்டும் வருகிறது. அவர்கள் ஆட்டோ ஏறிவிட்டார்கள்.

விற்கிறவர் என் சட்டையைப் பிடித்தார். "யோவ், வில்லங்கச் சான்று நீதானய்யா போட்டுப் பாத்த? இப்ப எதுக்குய்யா ஒப்பாரி வைக்கிற?"

அப்போது என் வாயில் தானாக வந்தது. "சுகர் லோ ஆயிருச்சுங்க."

அடடா, அந்த ஒரு வார்த்தைக்கு என்ன மரியாதை! பிடித்த கை சட்டையை விட்டது. நாற்காலி வந்தது. விசிறி வந்தது. இனிப்புப் பெட்டி திறந்தது. "பாவம்யா, மனுசன் மயங்கப் பாத்தாரு" என்று ரெண்டு ஜிலேபியை வாயில் திணித்தார்கள். சும்மா அழுகிறேன் என்றால் அசிங்கம். சர்க்கரை குறைந்து அழுகிறேன் என்றால் அது வைத்தியம். நான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு தான செட்டில்மென்ட். அதே இடம், அதே 'அனுபவித்து', அதே அழுகை. பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். அதற்கடுத்து ஒரு பாகப்பிரிவினை. அதில் அந்த வரி மூன்று தடவை வரும். மூன்று தடவையும் அழுதேன். அண்ணன் தம்பிகளுக்குள் அதுவரை அடிதடி. என்னைப் பார்த்து அவர்களும் அழுது கட்டிப்பிடித்துக்கொண்டு, பாகமே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊரில் என்னைப் பற்றி ரெண்டு விதமாகப் பேச்சு. வைரக்கண்ணு அழுதால் சொத்தில் வில்லங்கம் என்று பாதிப் பேர். அழாவிட்டால்தான் வில்லங்கம், அவர் ராசிக்காரர் என்று மீதிப் பேர். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கையில் தேன்மிட்டாயோடு வந்தார்கள். ஒரு அழுகைக்கு ஒரு ஜிலேபி, ஒரு ஜிலேபிக்கு ஒரு ராத்திரிப் பட்டினி. நம்பர் ஏறிவிடக் கூடாதே. சுவரில் படம் இருக்கிறதே.

கமருதீன் பாய் என்ன சொன்னார் தெரியுமா? "எழுத்தரே, அழுகை வர்ற மாதிரி இருந்தா அரைமணி முன்னாடி சொல்லுய்யா. நானும் வயித்தைக் காலியா வெச்சுக்கிறேன்."

அவர் சிரிப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு எரிச்சல் வந்தது. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று, விரலில் குத்திப் பார்க்கிற மெஷினை வீட்டில் இருந்து கொண்டுவந்தேன். ஒரு கிரயம், வாசித்தேன், அழுதேன், அழுதுகொண்டே குத்தினேன். நூற்றுப் பதினெட்டு. லோவும் இல்லை, ஹையும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி நம்பர். நம்ப முடியவில்லை. அடுத்த விரலில் குத்தினேன். நூற்றுப் பதினாறு.

"மெஷின் கெட்டுப்போச்சு பாய். கையை நீட்டுங்க" என்றேன். பாய்க்கு ஒரு வியாதியும் கிடையாது. மதியம் பிரியாணி, நாலு மணிக்குச் சமோசா, அஞ்சு மணிக்கு அந்தச் சமோசாவைப் பற்றிய பேச்சு, இதுதான் அவர் வாழ்க்கை. சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார். முன்னூற்றுப் பதினெட்டு!

பார்த்தீர்களா தம்பி? அழுகிறவனுக்கு நூற்றுப் பதினெட்டு, சிரிக்கிறவனுக்கு முன்னூற்றுப் பதினெட்டு. மெஷின் கெட்டுப்போனதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடைக்கே எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் தன் விரலில் குத்திக் காட்டினார், அவர் அம்மா விரலில் குத்திக் காட்டினார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. "ஐயா, மெஷின் சக்கரையைத்தான் பாக்கும். அழுகையைப் பாக்காது" என்றார். வாய்க்கொழுப்பு. அந்தக் கடையில் இப்போது வாங்குவதில்லை.

டாக்டரிடம் சொல்லவில்லையா என்கிறீர்களா? சொன்னேனே! எல்லாம் சொன்னேன். டாக்டர் சற்குணம் தங்கமானவர், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வெளியில் கூட்டத்தைப் பாருங்கள், அவரும் என்ன செய்வார்? ரிசல்ட்டைப் பார்த்ததும் முகம் மலரும். "வெரி குட் வைரக்கண்ணு" என்று அடுத்த சீட்டை எடுத்துவிடுவார். அந்த இடைவெளியில் நுழைந்து சொல்ல வேண்டும்.

"எதுலயும் ருசியே தெரியல டாக்டர்" என்றேன்.

"அதைத்தானே நான் எல்லாருகிட்டயும் சொல்றேன். நாக்கை அடக்கினா பாதி வியாதி போச்சு."

"பசியே எடுக்கல டாக்டர்."

"வெயிட் குறைஞ்சிருக்கு பாருங்க. பிரமாதம்."

"விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்துருது. அப்புறம் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்."

"எதுக்குப் படுத்திருக்கீங்க? எழுந்து நடக்கப் போயிடுங்க. அதிகாலைக் காத்து ரொம்ப நல்லது."

"யாரோடயும் பேசவே தோணல டாக்டர்."

"பேச்சைக் குறைச்சா பி.பி.யும் குறையும்."

ஏன் தம்பி சிரிக்கிறீர்கள்? உங்களிடம் பேசுவது வேறு. உங்களை எனக்குத் தெரியாதே. தெரிந்தவர்களிடம்தான் பேச முடியவில்லை.

கடைசியில் "கண்ணுல தண்ணி வருது டாக்டர்" என்றேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "கண்ணா? வருஷா வருஷம் கண் டெஸ்ட் பண்ணணுமே! எப்ப பண்ணீங்க?" என்று உடனே சீட்டு எழுதி அனுப்பிவிட்டார். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டார். உலகமே தண்ணீரில் மிதந்தது. மோவாயைத் தாங்கலில் வைக்கச் சொல்லி, விளக்கடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "நரம்பு அருமையா இருக்கு. கண்ணீர் போற பாதை ரெண்டும் சுத்தமா இருக்கு. அடைப்பே இல்லை" என்றார். அடைப்பு இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே. கொஞ்சம் அடைப்பு வைத்துவிட முடியுமா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். நான் போகிற இடமெல்லாம் டாக்டர்கள் சிரிக்கிறார்கள் தம்பி, அந்த விதத்தில் எனக்கு ராசி உண்டு.

அப்புறம் ஒரு வாரம் மாத்திரை போடவில்லை. மறதி எல்லாம் இல்லை. டப்பாவைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இருந்தது... அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, பேச்சுவாக்கில் வந்துவிட்டது. அந்த மின்விசிறியைப் பார்த்தீர்களா? எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஒரு பொட்டுக் காற்று வருகிறதா?

அந்த மாத்திரை விஷயத்தை என் வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள். மங்கையர்க்கரசி. அரசி என்று கூப்பிடுவேன். இப்போது மாத்திரையைக் கொடுத்துவிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். நாக்கைத் தூக்கியும் காட்ட வேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, எனக்கு நாக்கில் ஏதோ வியாதி என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அரசிதான் முதலில் சொன்னாள். "பெரிய ஆஸ்பத்திரியில மனசுக்குன்னு டாக்டர் இருக்காராம். போயிட்டு வந்துருவோமா?"

நான் திடுக்கிட்டுவிட்டேன். எனக்காக இல்லை தம்பி, ஊருக்காக. யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் "நல்ல மனநிலையில், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி எழுதிக் கொடுத்தது" என்று எழுதுவது யார்? நான். எழுதினவனே மனநோய் டாக்டரிடம் சீட்டு வாங்கியிருக்கிறான் என்று எந்த வக்கீலுக்காவது தெரிந்தால்? இந்த ஊரில் பாதி வீடு என் கையெழுத்தில் நிற்கிறது. கல்யாண மண்டபம், ரெண்டு அரிசி ஆலை, பெட்ரோல் பங்க், ஏன், இந்த ஆஸ்பத்திரி இருக்கிற இடமே நான் எழுதினதுதான். நான் அந்த டாக்டர் வாசலை மிதித்தேன் என்றால் அத்தனை பேரும் கோர்ட்டில் நிற்பார்கள். டாக்டர் சற்குணத்தையே காலி பண்ணச் சொல்லலாம்! ஒரு ஆள் அழுவதை நிறுத்த ஒரு ஊரையே தெருவில் நிறுத்துவதா?

இதை அரசியிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஊரு வீடெல்லாம் நிக்கட்டும். நம்ம வீட்டுல படுத்த மனுசன் எந்திரிக்க மாட்டேங்குறாரே, அதுக்கு ஒரு பத்திரம் எழுதுங்க" என்றாள். அப்புறம் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இத்தனை வருசமா உப்பில்லாம உறைப்பில்லாம ஆக்கிப் போடுறேன். நல்லா இல்லைன்னு தினம் ஒரு சண்டை போடுவீங்க. இப்ப அதுவும் சொல்றதில்ல. போட்டதைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போறீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

பொம்பளைகளுக்கு எப்போதும் எதையாவது நினைத்து ஒரு பயம். சண்டை போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றம்.

பாயிடம் நியாயம் கேட்டேன். "அட கிறுக்கா, விக்கிறவன் மனசு எப்படி இருக்குன்னுதான்யா சட்டம் பாக்கும். எழுதுறவன் மனசை எவன்யா கேக்கப் போறான்? உன் மனசை ஒருத்தனும் கேக்க மாட்டான், நீ பாட்டுக்குப் போ" என்றார். ஸ்டாம்ப் விற்கிறவருக்குச் சட்டம் தெரியுமா என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என்னவோ சுருக்கென்றது. ஏன் என்று தெரியவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன்.

மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று ஆனபிறகு, பாய்க்கு முன்னூற்றுப் பதினெட்டு நிஜம் என்றுதானே அர்த்தம்? அவர் அதற்கும் சிரித்தார். நான்தான் பிடித்து இழுத்து வந்தேன், இதே நாற்காலியில் உட்கார வைத்தேன், கூடவே உள்ளேயும் போனேன். டாக்டர் அவர் ரிசல்ட்டைப் பார்த்தார். 'வெரி குட்' வரவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். தம்பி, நான் இத்தனை வருஷமாக வருகிறேன், அவர் கண்ணாடியைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. மூக்கில் ரெண்டு பக்கமும் தழும்பு இருக்கிறது! கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவ்வளவு மெதுவாக, சொந்தத் தம்பியைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"பாய், வீட்ல ஏதாவது கஷ்டமா? ராத்திரி தூங்குறீங்களா? மனசு எப்படி இருக்கு?"

கேட்டது யாரை? கமருதீன் பாயை! இந்த ஜில்லாவிலேயே கவலை இல்லாத ஒரே ஆளை! அவர் மோவாயைச் சொறிந்து, கூரையைப் பார்த்து, நிஜமாகவே யோசித்தார். மனசு என்ற ஒன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுகிற மாதிரி. அப்புறம் சொன்னார். "மனசுக்கென்ன டாக்டர், ஜம்முனு இருக்கு."

வீணாய்ப் போயிற்று. அவ்வளவு அருமையான கேள்வி, விலாசம் மாறிப் போன தபால் மாதிரி வீணாய்ப் போயிற்று. பக்கத்தில் நான் நிற்கிறேன். ரெண்டு அடி தூரம். என்னைப் பார்த்து, "இவரை மாதிரி இருக்கணும் பாய் நீங்க" என்றார் டாக்டர்.

அன்றைக்குத்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது. நம்பர் கெட்டவனுக்குத்தான் அந்தக் கேள்வி. நம்பர் நன்றாக இருக்கிறவனுக்கு 'வெரி குட்', அடுத்த ஆள். பெயிலானவனுக்குத்தானே டியூஷன் வைப்பார்கள்? முதல் மார்க்காரனை எவன் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பான்?

ஆகையினால் தம்பி, இன்றைக்கு நான் என்ன சாப்பிட்டேன் தெரியுமா?

கிட்ட வாருங்கள், சொல்கிறேன். நெய்ப் பொங்கல். ரெண்டு மெதுவடை. ஒரு கேசரி. அது முடிந்து இன்னொரு கேசரி. சர்க்கரை தூக்கலாக ஒரு காபி. எதிர் ஓட்டலில் சர்வர் எனக்குப் பழக்கம். "கேசரி பார்சலாய்யா?" என்றார். "இங்கேயே" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலாளியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் வைத்தார்.

எப்படி இருந்ததா? பதினோரு வருஷம் கழித்து நானாகக் காசு கொடுத்து வாங்கிய கேசரி. மஞ்சளாக இருந்தது. வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் இந்த வேலை செய்யாதீர்கள். அரசிக்குத் தெரிந்தால் என் நாக்கையே அறுத்துவிடுவாள். இதோ கூப்பிடுகிறார்கள். வாருங்கள், ரெண்டாவது ஊசி. பயப்படாதீர்கள், குத்துகிறபோது வேறு பக்கம் பாருங்கள். என் போட்டோவைப் பாருங்கள்.

*

ஆயிற்றா? இந்தத் தடவை பஞ்சை நீங்களே போட்டுவிட்டீர்களே, தேறிவிட்டீர்கள்.

உங்களுக்கு எவ்வளவு வந்திருக்கிறது? நூற்றெழுபத்தெட்டா? ஆரம்பம்தானே, இறக்கிவிடலாம். முகத்தை ஏன் இப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? பிள்ளைகளுக்கும் வருமா என்றா? அதையெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள். உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். நான் உங்களுக்குச் சொல்கிற ஒரே புத்தி அதுதான், எதுவாக இருந்தாலும் பட்டென்று கேட்டுவிட வேண்டும்.

என்னுடையது இன்னும் வரவில்லை. அதோ பிலோமினா வருகிறாள். ரத்தம் எடுக்கிற பெண். முகத்தைப் பாருங்கள், எழவு வீட்டுக்கு வருகிற மாதிரி.

என்னம்மா?... தப்பா வந்திருக்கா? எவ்வளவு?... இருநூற்றுத் தொண்ணூற்றொன்று! அடேயப்பா!... இல்லையம்மா, மாறவில்லை, அது என் ரத்தம்தான்... மெஷின் நல்லாத்தான் இருக்கிறது பிலோமினா... நான் கேசரி சாப்பிட்டேனம்மா... விளையாடவில்லை, சத்தியமாகச் சாப்பிட்டேன். எதிர் ஓட்டலில் கேட்டுப் பார். ரெண்டு!... சரி, மறுபடி வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இந்தா கை.

கொடுமையைப் பார்த்தீர்களா தம்பி? அன்றைக்கு மெஷின் கெட்டுப்போச்சு என்று ஊரெல்லாம் சண்டை போட்டேன். ஒருத்தரும் நம்பவில்லை. இன்றைக்கு மெஷின் ஒழுங்கு என்கிறேன். அதையும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கெட்ட பெயர் வாங்குவதற்குக்கூட எவ்வளவு பாடு பட வேண்டியிருக்கிறது!

இதோ வந்துவிட்டாள். என்னம்மா, அதேதானே? இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றா! ஏறிக்கொண்டே இருக்கிறது. ரொம்ப சந்தோஷம்மா. கொடு, சீட்டைக் கொடு.

பார்த்தீர்களா, போகிறபோது சுவரில் என் படத்தைப் பார்க்கிறாள், திரும்பி என்னைப் பார்க்கிறாள். கழற்றிவிடலாமா என்று யோசிக்கிறாள் போல.

...

சீட்டை ஏன் மடித்து மடித்துப் பிரிக்கிறேன் என்றா? அது காபி. அந்தக் காபிக்கு அப்படித்தான் இருக்கும்.

தம்பி, ஒரு சந்தேகம். அவர் கேட்காவிட்டால்? சீட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரையை ஒன்று கூட்டி எழுதிவிட்டு, "என்ன வைரக்கண்ணு, கல்யாண வீடா?" என்று சிரித்து அனுப்பிவிட்டால்? நான் அதை யோசிக்கவே இல்லை பாருங்கள். நாலு நாளாகப் பதில் மட்டும்தான் ஒத்திகை பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றுவார், "மனசு எப்படி இருக்கு" என்பார். நான் சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருக்கிறேன். ஒரே வாக்கியம். "சரியில்லை டாக்டர்." அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பாடு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாலும் போகிறேன். ஊர் வீடுகள் என்ன ஆகுமோ, ஆகட்டும். பெட்ரோல் பங்க்காரர் எனக்கு எழுத்துக்கூலியே முழுசாகத் தரவில்லை.

குரல் வருகிறதா பார்க்கிறேன். சரியில்லை டாக்டர். சரியில்லை டாக்டர். ... கர்சீப் இருக்கிறது தம்பி, வேண்டாம். இது சும்மா. இந்த இடத்தில் மட்டும் இப்படி ஆகிறது.

என்ன சொன்னார்கள்? இருபத்திமூன்று, இருபத்திநாலு ரெண்டு பேரும் உள்ளேயா? நான் இருபத்திமூன்று. நீங்கள் இருபத்திநாலுதானே? இங்கே அப்படித்தான், ஒருத்தரைப் பார்க்கிறபோதே அடுத்த ஆளையும் உள்ளே கூப்பிட்டு, மேசையோரம் முக்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். நேரம் மிச்சம். பக்கத்தில் ஒரு வேற்றாள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்க, மனுஷன் மனசை எங்கே திறப்பது? இதுநாள் வரைக்கும் அது எனக்கு இடைஞ்சல். இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

எழுந்திருங்கள். நடந்துகொண்டே சொல்கிறேன். ஒரு உதவி செய்ய வேண்டும். உள்ளே போனதும் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்பார். அது கேள்வி இல்லை, வணக்கம் மாதிரி. ஆனால் அதைக் கேட்டதும் என் வாய் என்னைக் கேட்காமலே "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிடும். எத்தனை வருஷப் பழக்கம். அப்படிச் சொன்னேன் என்றால், மேசைக்குக் கீழே என் காலை ஓங்கி மிதித்துவிடுங்கள். செருப்புக் காலோடு மிதியுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். நான் கத்துவேன். கத்தினால் என்ன ஆச்சு என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்?

அங்கே இல்லை தம்பி, இப்படி வாருங்கள், எனக்கு வலது பக்கமாக உட்காருங்கள். வலது காலைத்தான் மிதிக்க வேண்டும். இடது காலில் கொஞ்ச நாளாக மிதித்தாலும் எனக்குத் தெரிவதில்லை. அதையும் இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.